அம்மா வீட்டுக் காது

வேண்டாம் சிஸ்டர், அந்த ஊசியை அப்படியே ட்ரேயில வைங்க. முறைச்சாலும் பரவாயில்ல, வைங்க. இவ கையில மாட்டியிருக்கிற குழாயை நான் ஏன் இப்படிப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் குத்துறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நான் யாரா? துணைக்கு இருக்கேன். இவளுக்கு வேண்டியவ, அது போதாதா? இவ அப்பாவும் பெரியப்பாவும் எங்கேன்னா, ரெண்டு மகாராஜாக்களும் கீழே கேன்டீன்ல டீ குடிக்கிறாங்க. பொண்ணு கிட்னியில கிருமி ஏறிக் காய்ச்சல்ல கிடக்கா, அவங்களுக்கு டீல சக்கரை கம்மியாம். வர்றப்ப என் காதுபட... சரி விடுங்க, அவங்க மூஞ்சியே சொல்லுச்சு.

டாக்டரைக் குத்தம் சொல்லல. அவர் கேட்டிருக்கார். குடும்பத்துல யாருக்காவது ஊசி போட்டுக் காது போயிருக்கான்னு கேட்டாராம், இவதான் படுத்த படுக்கையா எனக்கு மெசேஜ் போட்டா. பதில் சொன்னது யாரு? பெரியப்பா. அந்த வீட்டுல இருமல் வந்தாக்கூட அவர்தான் முன்னாடி வந்து இருமுவார். எங்க பரம்பரையில எல்லாருக்கும் பாம்புக்காது டாக்டர், எங்கப்பா சாகுற வரைக்கும் பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டார்னு பெருமை வேற. தம்பிக்காரர், அதான் இவளைப் பெத்தவர், பக்கத்துல நின்னு தலையாட்டியிருப்பார். அவர் தலை அதுக்குத்தானே இருக்கு.

இல்ல சிஸ்டர், அவர் சொன்னது முழுப் பொய் இல்ல. அவங்க வீட்டுக் காதெல்லாம் கல்லு மாதிரி திடமா இருக்கு. ஆனா அந்தக் காதை வச்சு இவளுக்கு நாக்கு வழிக்கவா? இந்தக் கோளாறு அம்மா வழியா வர்றது. இவ அம்மாவுக்கு ஒரு அண்ணன், இவளுக்குத் தாய்மாமன். சின்ன வயசுல சளிக்காய்ச்சலுக்கு இதே ஜாதி ஊசி போட்டாங்க, உயிர் வந்துச்சு, காது போச்சு. செவிட்டு மாமான்னுதான் அவருக்குப் பேரே.

அப்ப அம்மா ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்க. சொன்னாங்க சிஸ்டர்! இவளுக்கு முன்னாடி மூத்தவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் இதே மாதிரி காய்ச்சல், இதே கேள்வி. எங்க அண்ணனுக்குன்னு அந்தம்மா வாயைத் தொறந்தாங்க. உடனே பெரியப்பா, டாக்டர் குடும்பத்தைப் பத்திக் கேக்குறார், நீ எதுக்கு உங்க வீட்டுக் கதையை எடுக்குறேன்னார். அவ்வளவுதான். பெத்தவ குடும்பத்துல சேர்த்தி இல்ல. பிளாஸ்க்கைக் கையில கொடுத்து வெந்நீர் வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள மருந்து உள்ள இறங்கியாச்சு.

அந்த மூத்தவ என்ன வேலை பார்த்தா தெரியுமா? உங்க டாக்டருங்க நோயாளியைப் பார்த்துட்டு போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாங்களே, அதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. வாயில பிஸ்கட்டை வச்சுக்கிட்டு முனகுவாங்க, கொட்டாவி விடுவாங்க, நடுவுல வீட்டுக்காரியோட சண்டை போடுவாங்க. அத்தனையிலயும் எது மருந்து எது சண்டைன்னு பிரிச்சு எடுப்பா. ஆபீஸ்ல யாருக்கும் புரியாத டாக்டர்னா அவ மேஜைக்குத்தான் வரும்.

அந்த ஊசிக்கு அப்புறம், முதல்ல காதுக்குள்ள கொசு மாதிரி ஒரு ரீங்காரம். கரண்ட் போனாலும் நிக்காத ரீங்காரம். அப்புறம் காலிங்பெல் போச்சு, குழந்தைங்க கீச்சுன்னு கத்துறது போச்சு. நடந்தா வீடே சாயும். அப்புறம் பேச்சும் போச்சு. காது டாக்டர் பொறுமையாச் சொன்னார். உள்காதுல பொடிப்பொடியா உயிரணுங்க இருக்காம், தலையில மெல்லிசா மயிர் வச்ச மாதிரி. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புறது அதுங்கதானாம். சில மருந்து கிருமியைக் கொல்றதோட நிக்காம அதுங்களையும் சாகடிச்சுடும். தலைமுடி கொட்டினா முளைக்கும், அது செத்தா செத்ததுதான். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா தாய் வழியா இந்தக் கோளாறு வர்ற குடும்பத்துல கொஞ்சம் மருந்தே போதுமாம்.

இதைக் கேட்டுட்டாவது புத்தி வந்துச்சா? பெரியப்பா வெளியில என்ன சொன்னார் தெரியுமா? ராத்திரி பகலா காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டா, செவிடாகிட்டா. வெளிய தெரிஞ்சா சின்னவளை யாரு கட்டிப்பாங்கன்னு வீட்டுக்குள்ள பஞ்சாயத்து. இன்னைக்கு மூத்தவளைப் பத்தி டாக்டர்கிட்ட வாயைத் தொறக்காததும் அதனாலதான். கல்யாணம் ஆகணும், காது போனாப் பரவாயில்ல. த்தூ. இந்தத் தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வரல, அழுது தொலைப்பாளாம்.

காலையில அவசரப் பிரிவுல ஏற்கெனவே ஒண்ணு போட்டுட்டீங்க. அப்ப நான் வந்து சேரல. இன்னொண்ணு இறங்க விடமாட்டேன்.

டாக்டருக்குப் போன் பண்றீங்களா? மகராசியா இருப்பீங்க, பண்ணுங்க. தாய்மாமனையும் சொல்லுங்க, மூத்தவளையும் சொல்லுங்க.

என்ன சொல்றார்? இல்ல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொல்லாதீங்க, இந்தப் பக்கம் முகத்தைக் காட்டுங்க. ம். மாத்திடுறாரா? வேற மருந்து? நிஜமா? இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா, உதடு தெரியுற மாதிரி.

ஆமா. அந்த மூத்தவ நாந்தான். முதல்லயே சொல்லியிருந்தா நீங்க என்கிட்ட பேசியிருக்க மாட்டீங்க, கூட வந்தவங்க யாருன்னு தேடியிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. தேடியிருந்தா அந்த ரெண்டு பேர்தான் கிடைச்சிருப்பாங்க.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க சிஸ்டர். தங்கச்சி கண்ணு முழிச்சதும் அவ பின்னாடி நின்னு ரகசியமா அவ பேரைக் கூப்பிட்டுப் பாருங்க, திரும்புறாளான்னு. நானே பண்ணிடுவேன். ஆனா நான் கூப்பிட்டது ரகசியமா, கத்தலான்னு எனக்கே தெரியாது.