கை கொடுக்காமல் அமர்ந்திருந்த தனுஷிகா

அவைக்குத் தலைமையேற்று, என் கையிலிருக்கும் காகிதக் கட்டைக் கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் பாடசாலை அதிபர் குணபூசணி அம்மையார் அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் ஆலை அதிகாரி, அன்பிற்குரிய டீமேக்கர் ஐயா அவர்களே! தேயிலைத் தோட்டத்தைத் தாங்கி நிற்கும் தூண்களாகிய பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு குளிரையும் பாராமல் வந்து குழுமியிருக்கும் தாய்மார்களே! கேடயத்தைக் கொண்டுவந்து இந்தக் கோவில் மண்டபத்தைக் கோலாகலமாக்கிய நம் சதுரங்க அணியினரே! உங்கள் எல்லோருக்கும் லொறிச் சாரதி ஜீவராஜின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

லொறி ஓட்டுகிறவனுக்கு மைக் எதற்கு என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. பழனியாண்டி அண்ணன்தானே? நியாயமான கேள்வி அண்ணே. நான் வாழ்த்த மட்டும் வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

சதுரங்கத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால், கடைசிவரை இழுக்காமல் கை கொடுத்து எழுந்துவிடலாம். அது மரியாதை. ஆனால் எப்போது எழுவது? எப்போது எழாமல் இருப்பது? குதிரைகள் வீழ்ந்து, ராணிகள் மறைந்து, ஆளுக்கொரு ராஜாவும் ஆளுக்கொரு கோட்டையும் மிஞ்சி நிற்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்கும். தோற்றது போலத் தெரியும், தோற்றிருக்காது. தப்பியது போலத் தெரியும், தப்பியிருக்காது!

போன வருடம் தலவாக்கலையில் இறுதிச் சுற்று. நம் அணியை ஏற்றிப் போனது என் கொழுந்து லொறிதான். கொழுந்து பறிக்கும் நம் தனுஷிகா ஒரு பக்கம், நுவரெலியா ஆசிரியர் அணியின் சஞ்சயன் சேர் மறு பக்கம். அவரிடம் கோட்டையும் ஒரு சிப்பாயும். இவளிடம் கோட்டை மட்டும். நான்கு மணிக்குத் தோட்டத்தில் மாலைக் கொழுந்து ஏற்ற வேண்டும். தாமதித்தால் மூட்டைக்குள்ளேயே கொழுந்து சூடேறிவிடும். நான் என்ன செய்தேன்? வாசலில் நின்று ஹோன் அடித்தேன். ஒரு முறையா? மூன்று முறை! பிள்ளை பதறி எழுந்து கை கொடுத்துவிட்டு ஓடிவந்தது. பின்னாலேயே வந்த சஞ்சயன் சேர், “ஏன் பிள்ளை விட்டனீங்கள்? அது சமநிலையெல்லோ!” என்றார். அரைப் புள்ளி போயிற்று, அதோடு கேடயமும் போயிற்று.

லொறி லிந்துலைக்கு வந்தது. “ஏம்மா அவசரப்பட்ட?” என்று நான்தான் கேட்டேன், வெட்கமில்லாமல். “நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்களே அண்ணே” என்றாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் காலையில் வலப்பனை அணியோடு ஆட்டம். தனுஷிகாவிடம் மறுபடியும் கோட்டை மட்டும், எதிரியிடம் கோட்டையும் இரண்டு சிப்பாய்களும். பார்த்தால் பிள்ளை கை கொடுத்துவிட்டு வருகிறது! எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். “மறுபடியும் விட்டுட்டியா? நான் ஹோன்ல கையே வைக்கலியே!” என்று கத்தினேன். அவள் சிரித்தாள். “ரெண்டு சிப்பாயும் கை கோத்துக்கிட்டு வருதுண்ணே. நிப்பாட்ட வழியே இல்ல. தெரிஞ்ச பெறகு அவங்கள ஏன் ஒக்கார வைக்கணும்?” மற்ற மூவரும் வென்றதால் அணி பிழைத்தது.

மாலை இறுதிச் சுற்று வந்தது. மறுபடியும் அதே சஞ்சயன் சேர், அதே ஒற்றைச் சிப்பாய், அதே கோட்டை! மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அரைப் புள்ளி கிடைத்தால் கேடயம் நமக்கு. கிடைக்காவிட்டால் அவர்களுக்கு. மணி மூன்று நாற்பது. நான் உள்ளே போய் நின்றேன். சேர் கடிகாரத்தைப் பார்த்தார். “பிள்ளை, லொறி வந்திட்டுது. என்ன செய்யப் போறீங்கள்?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. “அவங்க நிக்கட்டும் சேர். நான் வெளையாடுறேன்.”

கேட்டீர்களா தாய்மார்களே? நிற்கட்டுமாம்! பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் பிந்தாத லொறி நிற்கட்டுமாம்! டீமேக்கர் ஐயாவுக்கு போன் எடுத்தேன். சொல்லலாம்தானே ஐயா? தலையாட்டுகிறார். “ஜெயிக்கிறாளா?” என்று கேட்டார். “இல்லீங்க ஐயா. தோக்காம இருக்கா” என்றேன். “சரி, இருந்து கூட்டிட்டு வா. கொழுந்த நான் டிராக்டர்ல ஏத்திக்கிறேன்” என்றார்.

கை தட்டுங்கள், ஐயா வெட்கப்படுகிறார்!

அங்கே பலகையில், சிப்பாயின் வழியை மறித்து அவளுடைய ராஜா நின்றது. அவள் பக்கத்து மூன்றாம் வரிசையில் வேலி போலக் கோட்டை நின்றது. சேருடைய ராஜா வேலி தாண்ட முடியாமல் அலைந்தது. வேறு வழியில்லாமல் சிப்பாயையே மூன்றாம் வரிசைக்குத் தள்ளினார். அந்தக் கணத்தில் அவள் கோட்டை மறுகோடிக்குப் பறந்தது! பின்னாலிருந்து செக்! மறுபடி செக்! ஒளிய இடமில்லாத ராஜாவுக்கு ஓயாத செக்! ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பிறகு சேர் சிரித்தபடி கை நீட்டினார். “சமநிலை. இந்த முறை சரியாப் பிடிச்சீங்கள், பிள்ளை.”

அவர் எழுந்துவிட்டார். இவள் எழவில்லை. “கால் மரத்துப் போச்சுண்ணே” என்றாள்.

பெரியோர்களே, நாம் எதற்குக் காத்திருக்கவில்லை? பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மருந்துக்குக் காத்திருந்தோம். வீட்டுக்கும் காணித்துண்டுக்கும் காத்திருந்தோம், இன்னும் காத்திருக்கிறோம். நமக்காக யார் காத்திருந்தார்கள்? நமக்காக ஒருவர் இரண்டு நிமிடம் நின்றால்கூட, தப்புச் செய்துவிட்டது போலப் பதறி விலகி வழிவிடுகிற கூட்டமல்லவா நாம்? அன்று நடுவர் காத்திருந்தார். சேர் காத்திருந்தார். லொறி காத்திருந்தது. நாளெல்லாம் மலையில் நின்றே கொழுந்து பறிக்கிற ஒரு பெண், கால் மரக்கும்வரை அமர்ந்து யோசித்தாள். தோல்வி தெரிந்தால் எழு, தெரியாதவரை இரு! அடுத்தவர் அவசரத்துக்காக உன் ஆட்டத்தை விடாதே!

தனுஷிகா, போன வருடம் தோற்றது நீயில்லை, நான். இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மையாருக்கும், இடையில் எழுந்து போகாத உங்கள் எல்லோருக்கும் நன்றி. கேடயத்தைப் பெற்றுக்கொள்ள தனுஷிகாவை அழைத்து, வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன். மெதுவா வாம்மா. நாங்க காத்திருக்கோம்.