ஹிஸ்கே கூப்பிட்ட பேர்கள்

முன்னை ஒரு காலத்திலை, இந்தக் கடல் அணை இவ்வளவு உயரமில்லாத காலத்திலை, இதே ஹெம்மவெர்ட் ஊரிலை ஹிஸ்கே எண்டொரு மனிசி இருந்தவவாம். என்ர பக்கத்து வீட்டு சியர்ட்டின்ர பூட்டிக்கும் பூட்டி. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுக்கு அவன்ர தேப்பன் சொன்னது.

வரேக்கை பாத்திருப்பியள். இந்தப் பிரீஸ்லாந்து மாகாணம் முழுக்கத் தட்டை நிலம். இந்த ஊர் மட்டும் ஒரு மேட்டிலை குந்திக்கொண்டிருக்குது. களிமண்ணும் சாணியும் சுமந்து கொட்டிக் கொட்டி ஆக்கள் எழுப்பின மேடு. உச்சியிலை சேர்ச். ஏன் எழுப்பினவை? பயத்திலை. கடலுக்குப் பயம்.

இஞ்சத்தைக் கடல் ஒரு மாதிரியான கடல். வத்தினால் கண்ணுக்கெட்டின தூரம் சேறு, நடந்தே போகலாம். பெருகினால் அதே இடத்திலை ஆள் தாழும். வத்துக்குச் சனம் இறங்கி மட்டிச்சிப்பி பொறுக்குமாம், பெருக முந்தி ஓடிவந்திடுமாம்.

ஒரு மாரிகாலம். காலமை நல்ல வெயில். ஹிஸ்கேயின்ர மனிசன் வைப்ரனும் இன்னும் கொஞ்சப்பேரும் மட்டிக்குப் போச்சினம். வயலும் மாடும் வைச்சிருந்த ஒரு கமக்காரன் வீட்டுக்குப் புதுசா வேலைக்கு வந்த பெட்டைப்பிள்ளையும் கூடையோடை பின்னாலை போச்சுது.

மத்தியானம் புகார் இறங்கினதாம், வெள்ளைப் பனிமூட்டம். எப்பிடி இறங்கினது? சத்தமே இல்லாமல் இறங்கினது. அணையிலை நிண்டவைக்கு முதல் கடல் தெரியேல்லை. பிறகு அணை தெரியேல்லை. பிறகு நீட்டின கையே தெரியேல்லையாம். அது கடல் பெருகத் தொடங்கிற நேரம்.

சேர்ச் மணியடிக்கிற டௌவே ஓடிப்போய்க் கயிறைப் பிடிச்சான். டாண், டாண், டாண். "மணிச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திடுவினம்" எண்டு அணையிலை ஆளுக்காள் சொல்லிச்சினம். ஒருத்தரும் வரேல்லை. தண்ணி மட்டும் வந்தது. காலடியிலை அது அணையை நக்கிற சத்தம் கேட்டுதாம்.

ஹிஸ்கே காது குடுத்துக் கேட்டாள். எங்கட மணி அடிக்குது. மேற்கிலை பக்கத்தூர் மணியும் அடிக்குது. கிழக்கிலை மற்ற ஊர் மணியும் அடிக்குது. எல்லாம் டாண், டாண், டாண். புகாருக்கை நிக்கிறவனுக்கு எது எங்கத்தை மணி? மேற்காலை போனால் ஆழ ஓடை.

மேட்டிலை ஏறி ஓடினாள். "டௌவே அண்ணை, மணியை நிப்பாட்டுங்கோ!"

"உனக்கென்ன விசரோ? என்ர மகனெல்லோ அங்கை நிக்கிறான்!"

"மணி எல்லா ஊருக்கும் ஒண்டுதான் அண்ணை. பேர் அப்பிடியில்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிடப் போறன். அது அவைக்குக் கேக்க வேணும்."

"ஒருத்தரும் வராட்டி? ஆர் பொறுப்பு?"

"நான்தான்" எண்டாளாம்.

எங்கட மணி நிண்டது, மற்ற ஊர் மணியள் மட்டும் தூரத்திலை கேட்டுது. அந்த நேரந்தான் எல்லாத்திலும் பயங்கரம் எண்டு சியர்ட் சொல்லுவான். ஹிஸ்கே அணைக்குத் திரும்பி ஓடிவர, ஒரு தாய் அவளின்ர தோளைப் பிடிச்சு உலுப்பி, "கொலைகாரி!" எண்டு கத்தினாளாம். மற்றவை அந்தத் தாயின்ர வாயைப் பொத்திச்சினம்.

"டீர்க்! ஓ டீர்க்!" ஹிஸ்கே முதல் கூப்பிட்டது டௌவேயின்ர மகன்ர பேரை.

ஒண்டுமில்லை.

"டீர்க்! இஞ்சாலை, டீர்க்!"

ஆரும் நினைக்காத பக்கத்திலையிருந்து, எங்கேயோ தூரத்திலை, ஒரு குரல் கேட்டுது. அவள் கூப்பிடக் கூப்பிட அது கிட்ட வந்தது. இடுப்பளவு தண்ணிக்கையாலை டீர்க் வந்தான். பிறகு "ஆல்யே!" ஆல்யே வந்தாள். ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாள், ஒவ்வொரு ஆளா வந்துது. தன்ர புருசன்ர பேரை அவள் கடைசியாத்தான் கூப்பிட்டவளாம். அந்தப் பேருக்கு மறுமொழி வராட்டி, மற்றப் பேருகளைச் சொல்லத் தனக்குக் குரல் வராது எண்டு பயந்தவளாம்.

வைப்ரன் வரேக்கை தண்ணி அவன்ர நெஞ்சளவு. அவள் கட்டிப்பிடிக்கேல்லை. "இன்னும் ஆர் நிக்கினம்?" எண்டாள்.

"அந்தப் புதுப் பெட்டை."

"அவளின்ர பேர் என்ன?"

ஒருத்தருக்கும் தெரியாது. கமக்காரனைக் கேட்டினம். "நாங்கள் பெட்டை எண்டுதான் கூப்பிடுறனாங்கள்" எண்டான்.

புகாருக்கை ஒரு மெல்லிய அழுகை கேட்டுது. "பெட்டை! இஞ்சாலை, பெட்டை!" எண்டு ஹிஸ்கே கத்தினாள். பக்கத்தூரிலை எத்தினை பெட்டையள். ஆரோ ஆரையோ கூப்பிடுகினம் எண்டு அந்தப் பிள்ளை நினைச்சுதோ என்னவோ. அழுகை மேற்கு மணிப் பக்கம் நகர்ந்துது. ஓடைப் பக்கம். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நிண்டவை. பிறகு கேக்கேல்லை.

புகார் கலைஞ்ச கையோடை ஹிஸ்கே வெளிக்கிட்டாள். அந்தப் பெட்டையின்ர தாய் இருக்கிற ஊரைத் தேடி, புகாரிலை நனைஞ்ச உடுப்போடை நடந்தாளாம். தாயைக் கண்டு, நடந்ததைச் சொல்லி, பேரைக் கேட்டாள். ஸ்வான்ட்யே. திரும்பி வந்து அணையிலை ஏறி, வெறுங்கடலைப் பாத்து "ஸ்வான்ட்யே! ஸ்வான்ட்யே!" எண்டு கூப்பிட்டாள். அதுக்குப் பிறகு அவளுக்குக் குரல் சரியா வரவேயில்லை எண்டு சொல்லுவினம்.

அணையிலை கிடக்கிற அந்தக் கறுத்தக் கல்லு, அவள் நிண்ட இடம். ஸ்வான்ட்யே கல்லு எண்டுதான் இண்டைக்கும் பேர். அண்டையிலையிருந்து ஆர் இந்த ஊருக்குப் புதுசா வந்தாலும், மருமகளோ வேலையாளோ, முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போவினம். ஊர் முழுக்கக் கடலைப் பாத்து அவையின்ர பேரைக் கூப்பிடும்.

நான் அகதியா வந்த மாரியிலை எனக்கு இதொண்டும் தெரியாது. பாஷையும் தெரியாது. கதவைத் தட்டி, கையைப் பிடிச்சு, அணைக்குக் கொண்டுபோச்சினம். ஊர்ச்சனம் முழுக்க நிக்குது, முன்னாலை கடல். துரத்தப்போகினம் எண்டுதான் நினைச்சன். அப்பத்தான் எல்லாருமாச் சேந்து கத்திச்சினம். "நா-வா-ரத்-னாம்!"

சியர்ட் என்னைத் திரும்பிப் பாத்துச் சைகையிலை கேட்டான், சரியாச் சொன்னனாங்களோ எண்டு. பிழைதான். நவரத்தினம் எண்டெல்லோ என்ர பேர். நான் ஓம் எண்டு தலையாட்டினன்.