பிரசார வண்டி வரும் தெரு

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கரிவலம்வந்தநல்லூர் பஸ் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் ஒரே ஊர்க்காரர்கள் இருவர், எதிரெதிர்க் கட்சித் துண்டுகளோடு உட்கார்ந்தார்கள்.

“நாளைக்கு எங்க பிரசார வண்டி உம்ம தெருவுக்குத்தான் வருது, வே,” என்றார் மீசைக்காரர்.

“வரட்டும். நான் வாசல்லதான் நிப்பேன்,” என்றார் மற்றவர்.

எங்கள் தெருவில் போன வாரம் இப்படித் தொடங்கிய பேச்சு மண்டை உடைப்பில் முடிந்தது. அடி விழுந்தால் பதுங்கலாம் என்று சீட்டுக்கடியில் இடம் பார்த்தேன். தொந்தி சம்மதிக்கவில்லை.

மீசைக்காரரின் குரல் தணிந்தது. “உம்ம அய்யா எப்படி இருக்காவ?”

“கஞ்சிகூட எறங்கல. இனி வீட்டுலயே வச்சுப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்போ தெரு முக்குலயே மைக்கை அணைச்சிருதோம். உம்ம வீட்டுல வோட்டு கேக்காம சத்தமில்லாமத் தாண்டிப் போயிருதோம்.”

“மைக்கை அணைங்க. ஆனா உள்ள வந்து அவுககிட்ட வோட்டு கேட்டுட்டுத்தான் போகணும்.”

“காலமெல்லாம் உங்க கட்சில்லா வே. எங்களுக்கா போடப் போறாவ?”

“போட மாட்டாவ. ஏசத்தான் செய்வாவ. ஆனா கேக்காமத் தாண்டிப் போனியன்னா, தன்னைச் செத்தவன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனைச்சிருவாவ.”