நூல் கட்டாத பாத்தி

மார்கழியில் கொத்தமல்லிக்கு அதிகம் தண்ணீர் விடக் கூடாது. பாதித் தண்ணீரைப் பனியே கொடுத்துவிடும்.

நான் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு தோட்டம்தான் வேலை. ஆரணியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, வயலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பத்து சென்ட், பதினைந்து சென்ட் நிலம். கத்தரி, அவரை, சாமந்தி, கீரை என்று அவரவர் கைக்கு வந்ததைப் போடுவோம். விற்பதற்கு இல்லை.

காலையில் செடிகளைப் பார்த்துவிட்டு, என் தோட்டத்துக் கடப்பைக்கல் மேடையில் கூடுவது பழக்கம். பக்கத்து வீட்டு மாணிக்கவேல் வருவார், பட்டுத் தறிக்காரர். எதிர்வீட்டு அமலோற்பவம் மகனின் மங்கி குல்லாயைப் போட்டுக்கொண்டு வருவார். சத்துணவுக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்கோடியிலிருந்து சக்கரவர்த்தி. அவர் சமணர், செடிக்கு மருந்தே அடிக்க மாட்டார்.

"பூச்சியும் உயிருதானேக்கா" என்பார் சக்கரவர்த்தி.

"அதான் உன் கத்தரிக்காயில பட்டா போட்டுகினு குடியிருக்கு" என்பார் அமலோற்பவம்.

நான் பேச மாட்டேன். "சார் சும்மா உக்காந்துகினு கீறார்னு நெனைக்காதீங்க, உள்ள நம்ம பேப்பரத் திருத்திகினு கீறாரு" என்று அமலோற்பவம் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. எனக்குப் பேச்சு வராது. ஆனால் பிறர் பேசும் இடத்தில் பேசாமல் இருப்பது பிடிக்கும். தனியாக இருக்கும்போது வருகிற மௌனம் வேறு. அதில் ஒன்றுமே இல்லை. என் மனைவி போன பிறகு அதை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் நால்வருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், கேட்க வேண்டியதில்லை. மருந்து அடித்த பாத்தியில் மட்டும் நான்கு மூலைக் குச்சிகளிலும் சிவப்பு நூல் கட்டிவிட வேண்டும். நூலை அவிழ்க்கும்வரை ஒருவரும் அங்கே கை வைக்கக் கூடாது. தறியில் மிஞ்சிய பட்டு நூலை மாணிக்கவேல் எங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். விதியைச் சொன்னவன் நான். ஆறு வருடத்தில் ஒருவரும் அதை மீறியதில்லை.

போன வருடம் டிசம்பரில் பனி கடுமை. என் தோட்டத்துக் கிழக்கே தென்னை மரங்கள். எட்டு மணிவரை வெயில் விழாது. மாணிக்கவேல் தோட்டத்தில் ஆறே முக்காலுக்கே விழும். ஒருநாள் அமலோற்பவம், "இங்க குந்தினா எலும்பெல்லாம் ஐஸாவுது, வாங்கப்பா அங்க போலாம்" என்றார். அவர்கள் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நானும் போனேன். மாணிக்கவேலின் மனைவி கமலம் சுக்குக் காபி கொடுத்தார். அங்கே உட்கார ஒரு பழைய மரப் பலகைதான் இருந்தது. அதில் கமலத்தோடு சேர்த்து அவர்கள் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மரியாதைக்காகத்தான்.

அவர்கள் வெயிலுக்காக மட்டுமே போனார்கள். தை பிறந்தால் திரும்பி வந்திருப்பார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாணிக்கவேலின் கத்தரியில் புழு விழுந்தது. கத்தரி வரிசைகளுக்கு நடுவேதான் கொத்தமல்லி விதைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்து அடித்தார். அடித்து முடித்து நான்கு மூலையிலும் நூல் கட்டியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மறுநாள் தேவிகாபுரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலை முதல் பஸ்ஸில் கணவனும் மனைவியும் போய்விட்டார்கள்.

ஆறரை மணிக்கு நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். யாராவது பறிக்க வருவார்கள், இலையில் மருந்து வாடை அடிக்கும், மாணிக்கவேல் நூல் கட்டவில்லையே என்று முகம் சுளிப்பார்கள். அடுத்த நாள் காலை என் மேடைக்கு வந்துவிடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

முடிச்சுகள் பனியில் நனைந்து இறுகியிருந்தன. மூன்றை நகத்தால் அவிழ்த்தேன். நான்காவது வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். நாக்கில் லேசாகக் கசந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாய் கொப்பளித்தேன். அப்புறம் மூன்றாவது முறையும் கொப்பளித்தேன். நூலை அடுப்பில் போட்டேன். பட்டு எரிந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

பிறகு திரும்பிப் போய் அவர்கள் பலகையில், வெயிலில் உட்கார்ந்தேன்.

அமலோற்பவம் வந்தார்.

"இன்னா சார், மாணிக்கம் இல்லாத நேரத்துல அவன் வெயிலத் திருடிகினு கீறீங்களா?"

நான் புன்னகை செய்தேன்.

"மருமவ நான்சிக்கு வாய்க்கு ருசியே இல்லியாம். கொத்தமல்லித் தொவையல் அரைச்சிக் குடுக்கலாம்னு வந்தேன்." பாத்தியைச் சுற்றிப் பார்த்தார். "நூலு ஒண்ணும் காணோமே. பறிச்சிக்கட்டுமா சார்?"

நான் அவரைப் பார்த்தபடியே இருந்தேன்.

"உங்களப் போயி கேட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். "ஞாயித்துக்கெழமை கோயில்ல மட்டும்தான் இவரு வாயத் தொறப்பாரு போல."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன் நான். அதைச் சொன்னார்.

இரண்டு கைப்பிடி பறிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. மருந்து வாடை வருகிறதா என்று பார்த்தேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குச் சளி வேறு. ஒரு வார்த்தை போதும். "வேணாம்" என்றால் மூன்று எழுத்து. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருந்தபோது வெயில் என் முழங்காலுக்கு வந்தது. இதமாக இருந்தது. அவர் போய்விட்டார்.

நன்றாகத்தான் கழுவினார்களாம். பச்சையாக அரைத்த துவையல். மருமகள் நான்சி ஒரு கவளத்தோடு போதும் என்று எழுந்துவிட்டாள். மீதியை வீணாக்கக் கூடாது என்று அமலோற்பவமே சாப்பிட்டார். நடுப்பகலில் வாந்தி, வியர்வை, மூச்சுத் திணறல். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நான்சி பிழைத்தாள். அமலோற்பவம் மூன்றாவது நாள் இறந்தார். அடக்கத்துக்கு என் தோட்டத்துச் சாமந்தி முழுவதையும் அறுத்துக் கொடுத்தேன்.

போலீஸ் வந்து என்னைக் கேட்டது. "அம்மா பறிக்கும்போது பாத்தியில நூல் இருந்ததா?" இல்லை என்றேன். அது உண்மை. நான் பொய் சொல்வதில்லை. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அஜாக்கிரதையால் மரணம் என்று மாணிக்கவேல் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வந்தார். கட்டினேன் கட்டினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான்சி ஒருநாள் நடுத்தெருவில் கமலத்தை நிறுத்திக் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் பொடவை நெய்யத் தெரியுது. நாலு மூலையில நாலு நூலு கட்டத் தெரியலையா உன் வூட்டுக்காரருக்கு?" கமலம் அதற்குப் பிறகு பகலில் வெளியே வருவதில்லை. மாணிக்கவேல் தோட்டத்தை வேரோடு பிடுங்கிப் போட்டார். இப்போது செய்யாறில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை.

மறுபடியும் மார்கழி வந்துவிட்டது. சக்கரவர்த்தி என் மேடைக்கு வருகிறார். நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கொஞ்ச நேரம் செடிகளைப் பார்க்கிறார், பிறகு போய்விடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மாணிக்கவேல் வாசலில் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டு சார். ஒரு வருசமா நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். கட்டினேன்னுதான் கை சொல்லுது. ஆனா நூலு இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப நான்தான் மறந்துகீறேன், இல்ல சார்?"

நான் கையிலிருந்த வேதாகமத்தை மேசைமேல் வைத்தேன்.

"வக்கீலு ஒத்துக்காதன்றாரு. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் சார் எனக்கு."

இந்த முறை எனக்கு வார்த்தை வந்தது. "ஒத்துக்கோங்க மாணிக்கவேல்" என்றேன். "ஒத்துக்கிட்டா மனசு லேசாயிடும்."

அவர் தலையாட்டினார். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க சார்" என்று தரையில் முட்டி போட்டார். நான் அவர் தலையில் கை வைத்து, இவருடைய மறதியை மன்னியும் ஆண்டவரே என்று, நிறுத்தி, தெளிவாக ஜெபித்தேன். அவர் அழுகை அடங்க நேரம் ஆயிற்று. அதன் பிறகு ஆமென் சொன்னார்.