மாமனாருக்கு ஐம்பது மார்க்

"எங்க மாமனாருக்கு நூத்துக்கு ஐம்பதுதான் போட்டேன். அதுலதான் மாட்டிக்கிட்டேன்."

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நர்ஸுகள். மூத்தவர், எந்த வைத்தியத்துக்குச் செலவழித்தால் எவ்வளவு பலன் என்று கணக்கிடும் பயிற்சியை முடித்துவிட்டு வருகிறார்.

"டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க, இன்னிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு அவங்களே நூத்துக்கு மார்க் போடணும். எங்க மாமனாரும் பண்ணிக்கறாரு. நம்ம வீட்டு ஆளுதானேன்னு கேக்காமலே நான் போட்டுட்டேன். 'இது உன் மார்க்கும்மா, அவரு மார்க் எங்க?'ன்னு கிளாஸ் எடுக்கற சார் திருப்பிக் குடுத்துட்டாரு."

"ஐயோ, அப்புறம்க்கா?"

"வீட்டுக்குப் போயி கேட்டா சண்டைக்கு வராரு. 'தேவனாம்பட்டினம் வரைக்கும் நடந்து போயி மீன் வாங்கியாறேன், எனக்கா ஐம்பது? எண்பது போடு'ங்கறாரு."

"போட்டீங்களா?"

"அவருக்கு மட்டுமா? மத்த பேஷண்டுங்களுக்கும் நானேதான் போட்டிருந்தேன். அத்தனை பேருகிட்டயும் திரும்பப் போயி கேட்டேன். ஒருத்தர்கூட நான் போட்ட மார்க்க ஒத்துக்கல. எல்லாத்தையும் மாத்தி இன்னிக்கு குடுத்தேன். பாஸ் போட்டுட்டாரு. இப்பதான்டி மூச்சே வருது."

போன் அடித்தது. "பாஸாயிட்டேன் மாமா" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னவாம்க்கா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அவருக்குத் தொண்ணூறு போடச் சொல்றாரு."