கஞ்சிப் பந்தலில் எடுத்த நான்கு படங்கள்

சைரன் ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நிற்கவில்லை. 1942, பங்குனிக் கடைசி. மதராஸ் சென்ட்ரல் ஸ்டேஷன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே ஓடுகிறது. பாவா காமிராப் பெட்டியைத் தலையில் வைத்திருக்கிறார். அதன் முக்காலி என் இடுப்பில். பாவா என் அத்தை மகன். என் புருஷன். போட்டோ பிடிக்கிறவர்.

"ஏறு! ஏறும்மா! கைய உடாதே!" யாரோ கத்துகிறார்கள்.

ஏறினோம். உட்கார இடம் இல்லை. பலகையில் அரிசி மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. நடுவில் மூட்டைகளின் சொந்தக்காரர், மதராஸ் மண்டிக்காரர். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி அரக்கோணம் வரைக்கும் நின்றுகொண்டு வந்தாள். அவர் ஒரு மூட்டையையும் நகர்த்தவில்லை. வெற்றிலை போட்டார். மதராசில் அன்று குண்டு விழவில்லை. நாங்கள் இறங்கிய திருத்தணியில் இவர்தான் வந்து விழுந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு கூரை போட்டுக் கடை வைத்தோம். மொட்டை போட்ட பிள்ளைகளைப் பிடித்தோம். சாவு வீட்டுக்கும் போனோம். இந்தப் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, வீட்டு ஆட்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கண் மூடியிருக்கும். அச்சான படத்தில் கண்ணைத் திறந்து வரைவது என் வேலை. மெல்லிய பிரஷ், கறுப்பு மை. எனக்கு ஆண்கள் எதிரில் பேச்சு வராது. கடையில் தொங்கும் கறுப்புத் துணிக்குப் பின்னால் நிற்பேன். ஆனால் கை நடுங்காது. பள்ளிப்பட்டில் ஒரு தாய் நான் வரைந்த கண்ணைப் பார்த்து, "எம்புள்ள என்னப் பாக்கறான்" என்று அழுதாள். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த வருஷம் அரிசி கிடைக்கவில்லை. மண்டிக்காரரின் மூட்டைகள் பூட்டிய அறையில் இருந்தன. ஊருக்கே தெரியும். ஆடி மாதம் அவருக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. வெள்ளைக்காரன் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஆசையும் கூடவே வந்தது. ஒரு நாள் கஞ்சி ஊற்றுவார். அதைப் படம் எடுத்துக் கலெக்டருக்கு அனுப்புவார். ஒரே ஒரு நாள்.

காலையிலிருந்து வரிசை. ஓலைப் பந்தல். மூன்றாவது ஆளாக ஒரு பெண், இடுப்பில் பெண் குழந்தை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவள் என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். புருஷன் வழியிலேயே போய்விட்டானாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அண்டா வந்தது. கஞ்சி கொதிக்கிறது. புகை. மண்டிக்காரர் கரண்டியை எடுத்தார். பாவா காமிராத் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க. பொகை உங்க மூஞ்ச மறைக்குது. அடங்கட்டும்ங்க."

இதை மண்டிக்காரர் சொல்லவில்லை. என் புருஷன் சொன்னார். தொழில் சுத்தமாம்.

மண்டிக்காரர் கரண்டியைத் திரும்ப அண்டாவில் போட்டார். "இன்னாத்துக்கு முண்டறீங்க? ஒரு வருஷமா பட்டினி கெடந்தவங்களுக்கு ஒரு நாழி கெடக்க முடியாதா?" என்று சிரித்தார். அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். வரிசையில் ஒரு கிழவர், "சாமி, உம் மூஞ்ச நாங்க பாத்துகினுதான் இருக்கிறோம், கஞ்சியக் காட்டு" என்றார். அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள்.

கஞ்சி ஆறியது. பந்தலில் வெளிச்சம் போதாது. காமிரா மூடியை எடுத்து மூன்று எண்ண வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது. கஞ்சியை ஊற்றவும் கூடாது, ஊற்றினால் படம் கலங்கிவிடும். கரண்டி அந்தரத்தில். குவளைகள் கீழே, காலியாக.

"ஆடாதீங்க!" பாவா கத்துகிறார். ஒன்று. இரண்டு. மூன்று.

முதல் கண்ணாடிப் பிளேட்டில் குழந்தை தலையைத் திருப்பியது. இரண்டாவதில் மண்டிக்காரரின் அங்கவஸ்திரம் நழுவியது. அவர் போய்ச் சரிசெய்துகொண்டு, கண்ணாடி பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது நன்றாக வந்தது. அந்தப் பெண் குவளையை நீட்டியபடி சிலைபோல நிற்கிறாள். அடுத்து தொப்பென்று ஒரு சத்தம். குவளை உருண்ட சத்தம் ஒன்று.

"தண்ணி! தண்ணி கொண்டா!"

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வரிசையில் நின்ற கே.ஜி.கண்டிகை ஊர்க் கூலிக்காரி ஒருத்தி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

அப்போது மண்டிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தரையில் உட்கார்ந்தார். இறந்தவள் தலையை மடியில் வைத்தார். கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"எடுப்பா. இதான் படம்."

பாவா எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். "ஆடாதீங்க" என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் மண்டிக்காரர் கடைக்கு வந்தார். பாவா நாலு பிளேட்டையும் கழுவிக் காய வைத்திருந்தார். மண்டிக்காரர் மூன்றாவதை ஒளியில் பிடித்துப் பார்த்து, வேட்டியால் துடைத்து வாங்கிக்கொண்டார். நாலாவதைக் காட்டினார்.

"இதுல அவ கண்ணு மூடிகினு இருக்குது. உம் பொண்டாட்டி நல்லா கண்ணு வரைவாளாமே. தெறந்து உடச் சொல்லு. என்னப் பாக்கற மாதிரி இருக்கணும்."

நான் துணிக்குப் பின்னால் இருந்தேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"வரைய மாட்டேன்."

"சாவு வூட்ல வரையறியே?"

"அங்க அழுதாங்க."

"ஓகோ. படம் புடிக்கறவன் பொண்டாட்டிக்கு மானம் வேற வந்துடிச்சா? நாளைக்குக் காலையில எனக்குப் படம் வேணும்." போய்விட்டார்.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பாவா குனிந்து விறகை உள்ளே தள்ளினார். நாலாவது பிளேட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். படம் கண்ணாடியை விட்டுப் பாலாடைபோல உரிந்து வந்தது. அதில் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை.

மூன்றாவது படம் கலெக்டருக்குப் போயிற்று. பட்டமும் வந்தது. மண்டிக்காரர் சொல்லி எங்களுக்குப் பிளேட்டு வருவது நின்றது. இடத்துக்காரன் கடையைக் காலி செய்யச் சொன்னான். பாவா காமிராவை விற்றுவிட்டுப் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறிக்குப் போனார். சாகும்வரை யாரையும் படம் எடுக்கவில்லை. எங்களை நல்லவர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. தெரியாமல் சொன்னார்கள்.

கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவள் ஒருத்தி. பெயர் தெரியாது. குழந்தை ஒன்று. கூலிக்காரியோடு எந்த ஊருக்குப் போயிற்று என்று தெரியாது. காமிரா ஒன்று. கடை ஒன்று. மறுத்த படம் ஒன்று. அவள் உயிரோடு, பசியோடு, நின்றுகொண்டிருந்தபோது நாங்கள் மறுக்காத படம் மூன்று.