மழைக்குச் சாகுற லைன்

இல்ல தம்பி, அந்த ரவுட்டரத் தொடாதீங்க. அதுல ஒன்னுமில்ல. உங்களுக்கு முந்தி வந்த அஞ்சு பேரும் மொதல்ல அதத்தான் தொட்டாங்க. பின்னால இருக்கிற ஓட்டையில குச்சிய விட்டு அமத்துறது, லைட்டு பச்சையானதும் ஹரி ஹரி, எல்லாம் சரின்னுட்டு பைக்குல ஏறுறது. அவங்க வரக்காமுற சந்தியத் தாண்டுறதுக்குள்ள லைட்டு அணைஞ்சிரும். சீ, அதுக்குப் பேரு வேலையா?

உங்களத் திட்டுறேன்னு நினைக்காதீங்க. உக்காருங்க. பேரென்ன, ஜெயந்தனா? கந்தேநுவர பக்கமா? நல்லது. நான் மஹ்ரூப். மிளகு வாங்கி விக்கிற யாவாரம். டீ ஒன்னு ஊத்தட்டா? சீனி கூடிப்போனா மன்னிச்சிருங்க, எனக்கு இன்னும் அளவு பிடிபடல.

லைன்ல என்னன்னா? கரகரப்புதான், வேறென்ன. ரிசீவரக் காதுல வச்சா எண்ணெயில கருவாடு பொரியிற மாதிரி கேக்கும். வெயில் நாள்ல லேசா இருக்கும். நாலு சொட்டு மழ விழுந்தா கூடிரும், அதோட இன்டர்நெட்டும் விழுந்து விழுந்து எழும்பும். எங்க வீடு பள்ளத்துல. கைபோனுக்கு சிக்னல் இல்ல. இந்த வயர் ஒன்னுதான் கதி.

என் மக அஸ்ரா கொழும்பு கம்பனி ஒன்னுக்கு வீட்டுல இருந்தே வேல செஞ்சா. ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரமாக்குவோம்னு சொல்லியிருந்தாங்க. மீட்டிங்ல இவ வாயத் திறக்கிற நேரம் பார்த்து மூஞ்சி அப்படியே நின்னுரும். வேல செய்யாம ஒளியிறியான்னு ஒருத்தன் எல்லாருக்கும் முன்னால கேட்டானாம். அதுக்குப் பிறகு வானம் கறுத்தா போதும், லெப்டொப்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, குடையப் பிடிச்சுக்கிட்டு பள்ளிவாசல் மேட்டுக்கு ஓடுவா, அங்க கைபோனுக்கு சிக்னல் எடுக்கும்னு. படிச்ச புள்ள, மழையில மதிலுல குந்திக்கிட்டு...

கொம்ப்ளைன் பண்ணாமலா? மாசம் மூணு தடவ பண்ணினேன். ஒன்ன அமத்து, ரெண்ட அமத்து, பிறகு பாட்டு. பாட்டுக்கு நடுவுல, உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பொம்பளக் குரல். அதக் கேட்டதும் ரிசீவரக் காதுல இருந்து தூர வச்சுக்குவேன்.

ரெண்டாவதா வந்த ஆள் நாவுலயில இருந்து வந்தாரு. போஸ்ட்ல ஏறிப் பெட்டியத் திறந்தா உள்ள செவ்வெறும்புக் கூடு, தண்ணி, செம்புக் கம்பி பச்சையாப் பூத்துப் போயிருக்கு. புதுசாப் போடுவாருன்னு பார்த்தா, ஒரு சொப்பிங் பேக்கச் சுத்திக் கட்டிட்டு இறங்கிட்டாரு. அந்தா, ஜன்னலால பாருங்க, நீல கலரு. இன்னும் ஆடுது. த்தூ!

மூணாவது ஆள் வீட்டு வயரிங் பிழைன்னாரு. நாலாவது ஆள் ரவுட்டர் பிழைன்னாரு. கடைசியா வந்தவர் மட்டும் ஒரு நல்ல புத்தி சொன்னாரு. இடி முழங்கினா கரண்ட் பிளக்க மட்டும் கழட்டினாப் பத்தாது, டெலிபோன் வயரையும் கழட்டுங்க, மின்னல் ரெண்டு பக்கத்தாலயும் வரும்னு. மத்தபடி வெளிச் செவுத்துல இருக்கிற சின்னப் பெட்டி மின்னல மண்ணுக்கு இறக்கிரும், பயப்படாதீங்கன்னாரு.

வாங்க, அதையும் பார்த்திருங்க. அந்தப் பச்ச வயர்தான் எர்த்து. இழுங்க. பரவால்ல, நல்லா இழுங்க. கையோட வந்துருச்சா? மண்ணுக்குள்ள கம்பியே இல்ல தம்பி. ஒரு சாண் வயரப் புதைச்சு மேல கல்ல வச்சிருக்காங்க, லைன் போட்ட அன்னையில இருந்தே. ஒரு கம்பி அடிக்கச் சோம்பல், பஞ்சி. அத்தன பஞ்சி!

எனக்கு எப்பத் தெரியும்னா? எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

ஒக்டோபர்ல ஒரு நாள் பின்னேரம். மறுநாள் அஸ்ராவோட கடைசி மீட்டிங், அதுல தேறினா வேல நிரந்தரம். இன்டர்நெட் சுத்தமா இல்ல. நான் கொம்ப்ளைன் நம்பர அடிச்சுட்டு நிக்கிறேன். மழ இருட்டிக்கிட்டு வருது. என் வீட்டுக்காரி ஹமீமா ஒவ்வொன்னாக் கழட்டினா. டீவி, ஃபிரிட்ஜ், லெப்டொப். ரவுட்டர்ல ரெண்டு வயரையும் கழட்டி, துணியில சுத்தி அல்மாரிக்குள்ள வச்சா. மகளோட சோறு இதுலதான் இருக்குன்னா. ஃபோன மட்டும் கழட்டல. இருபது நிமிஷமாக் காத்துக்கிட்டு நிக்கிறோம், வச்சா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ரவுட்டருக்கு ஒன்னும் ஆகல. டீவிக்கும் ஆகல. கருகினது ஃபோன் மட்டும்தான். மேசைக்கு மேல செவுரு கறுத்திருக்கே, அது ஃபோன் இருந்த இடம்தான்.

திருத்துறதா? எதுக்கு? மீட்டிங்கத் தள்ளி வச்சாங்க, அஸ்ராவுக்கு வேல சரிவந்துருச்சு, கொழும்புல ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இந்த வீட்டுல இருக்க ஏலாதுன்னா. நீங்க வயரோட கழட்டிக் கொண்டு போங்க.

உங்க கையில இருக்கிற கொம்ப்ளைன் தாளக் கொஞ்சம் காட்டுங்க. கொம்ப்ளைன் யார் பேர்ல இருக்கு? ஹமீமா. ம், பிழையில்லாம எழுதியிருக்காங்க. அன்னைக்குக் கடைசியில ஒருத்தன் ஃபோன எடுத்தான்தான். நான் பின்னால அஸர் தொழுகைக்கு ஒளு எடுத்து, கை கால் கழுவிக்கிட்டிருந்தேன், அவ பேரச் சொல்றது கேட்டுச்சு. அடுத்தது ஒரு வெடி. ஓடி வந்து பார்த்தா கீழ கிடக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னமே உயிர் போயிருச்சு, மவுத்தாயிட்டா.

இன்னையோட நாப்பத்தி மூணு நாள். அந்தக் கொம்ப்ளைனப் பார்க்கத்தான் நீங்க வந்திருக்கீங்க.

எழும்பாதீங்க தம்பி, டீயக் குடிங்க. உங்க மேல கோவமில்ல. அவ இடின்னா நடுங்குவா, மழ நாள்ல ஃபோன் பக்கமே போக மாட்டா. நான்தான் அந்தப் பாட்டக் கேட்டு வெறுத்துப்போயி, இந்தா, நீ கொஞ்சம் பிடின்னு ரிசீவர அவ கையில திணிச்சுட்டு பின்னால போனேன்.

எங்க ஒப்பம் வைக்கணும்? லைன் அவ பேர்லதான். நான் வச்சா எடுப்பாங்களா?